அது பெயிண்ட் அல்ல, கண்ணாடி

மூடியில் எனாமல் ஓவியம் தீட்டிய ஜெனீவா பாக்கெட் வாட்ச் ஒன்றின் படத்தின் கீழே நேற்று நடந்த விவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "வீட்டு கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட்தானே, இதற்கா இத்தனை லட்சம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் வரிவரியாக எழுதிய பதிலுக்குச் சிரிப்புக் குறிகள்தான் கிடைத்தன. பெயரில் மட்டுமே ஒற்றுமை, ஐயா. கேட்டுக்கு அடிப்பது பெயிண்ட். அந்த வாட்ச் மூடியில் இருப்பது கண்ணாடி.

கண்ணாடியை மாவாக அரைத்து, உலோக ஆக்சைடுகளால் நிறமேற்றி, பொன் தகட்டின்மேல் பரப்பி, சுமார் 800 டிகிரி வெப்பமுள்ள உலையில் உருக்கிப் பிடிக்கவைப்பதே இந்த எனாமல். நீலத்துக்குக் கோபால்ட், ரோஜா நிறத்துக்குத் தங்கம். தகடு வளையாமலிருக்கப் பின்புறமும் ஒரு பூச்சு வேண்டும். சில மயிரே கொண்ட தூரிகையால் ஒரு பெண்ணின் முகத்தை வரைபவர், அதிகச் சூடு தாங்கும் நிறங்களை முதலில் வைத்து, கன்னத்தின் நிழலுக்கும் உதட்டின் சிவப்புக்குமாக அதே தகட்டை மீண்டும் மீண்டும் உலையில் வைத்து எடுக்கிறார். கடைசிச் சூட்டில் விரிசல் விட்டால் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று.

எங்கள் ஆச்சியிடம் நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் குவளை ஒன்று இருந்தது. ஏழு வயதில் அதைக் கிணற்றடியில் தவறவிட்டேன். தெறித்த சில்லை எடுக்கப் போய் விரல் கிழிந்து ரத்தம் வந்தது. சில்லு பெயர்ந்த இடத்தில் கறுப்பாக இரும்பு தெரிந்தது. பெயிண்ட் உரிந்தால் விரலைக் கிழிக்குமா? குவளையிலும் கண்ணாடிதான், அந்த வாட்ச்சிலும் கண்ணாடிதான்.

விலை அநியாயம் என்கிறீர்களா, இருக்கட்டும். விலைக்காக நான் வாதாட வரவில்லை. இயந்திரத்தில் அச்சடிக்கலாமே என்றால், தாராளமாக அச்சடியுங்கள், அதை இதுவென்று சொல்லாதீர்கள்.

அந்த வாட்ச்சை "பணக்காரன் பொம்மை" என்று நேற்று அங்கே எழுதிய சொல்தான் இன்னும் ஆறவில்லை. வாங்கியவர் பணக்காரர்; வரைந்தவர் யார்? 17ஆம் நூற்றாண்டு ஜெனீவாவின் எனாமல் ஓவியர்களான ஹுவோ சகோதரர்கள் தாங்கள் வரைந்தவற்றில் கையெழுத்திட்டார்கள். அதனால் அவர்களை இன்று அறிகிறோம். அவர்களுக்குப் பின் வந்த எத்தனையோ பேரின் வேலையில் கம்பெனியின் பெயர் மட்டுமே இருக்கிறது. கண்ணெரிய உலைமுன் நின்று, பெயர்கூட எழுதிவைக்காமல் போனவர்களின் வேலையைப் பார்த்துத்தான் நேற்று அத்தனை பேரும் சிரித்தீர்கள்.