கல்லீரலோடு நிற்பதில்லை
குடிப்பழக்கத்தின் கேடுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன்; குடியின் பாதிப்பு கல்லீரலோடு முடிந்துவிடும் என்ற தோரணையில் அது போகிறது. நுரையீரலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூச்சுக்குழாயின் உள்பக்கம் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, சளியோடு கிருமிகளையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்கு இந்த அசைவு மந்தமாகிவிடும். அதையும் தாண்டி உள்ளே போகும் கிருமியை விழுங்க வேண்டிய அணுக்களும் சோர்ந்து கிடக்கும். அப்புறம் நிமோனியாவும் காசநோயும் சுலபமாகப் பிடிக்காமல் என்ன செய்யும்? குடல் கதை தனி. அதன் சுவர் கசிந்து, பாக்டீரியாவின் நச்சு ரத்தத்தில் கலப்பதால் உடம்பு எந்நேரமும் அழற்சியிலேயே இருக்கும். 'வாரக் கடைசியில் மட்டும்தான் சார்' என்பவர்களும் கேளுங்கள்: ஒரே நாள் அளவுக்கு மீறிக் குடித்தாலே 24 மணி நேரம் வரை எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்.