தள்ளுபடி வேண்டாம், திறந்து பாருங்கள்

பழுதான என் டைவ் கம்ப்யூட்டரை (கடலுக்குள் இறங்கும்போது ஆழத்தையும் இருக்கக்கூடிய நேரத்தையும் காட்டும், கையில் கட்டும் கருவி) பார்க்க மறுத்து அதன் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலின் படத்தை இங்கே போட்டதிலிருந்து ஆளாளுக்கு எனக்கு வாரண்டி பாடம் நடத்துகிறீர்கள். நன்றி. வாரண்டி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், என் கருவிக்கு அது முடிந்துவிட்டது என்பதும் தெரியும். நான் அந்த நிறுவனத்துக்கு எழுதியதன் முதல் வரியே அதுதான். படித்தவர்கள் கவனித்திருப்பார்கள். படிக்காதவர்கள் சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போயிருப்பார்கள்.

நான் இலவசமாக எதையும் கேட்கவில்லை. காசு தருகிறேன், திறந்து பாருங்கள், சென்சாரை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் என்ன கோளாறு என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். வந்த பதில், உங்கள் கருவி வாரண்டி காலத்தைக் கடந்துவிட்டது, புதிய மாடலுக்கு உங்களுக்கென்றே சிறப்புத் தள்ளுபடி இருக்கிறது, இனிய டைவிங்! அந்த ஆச்சரியக்குறி அவர்களுடையது.

என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாமலேயே பலர் தீர்ப்பு எழுதிவிட்டதால் சொல்கிறேன். சாதாரண டைவ், 18 மீட்டர், எந்தச் சாகசமும் இல்லை. இறங்கும்போதே என் கையிலிருந்த கம்ப்யூட்டர் காட்டிய ஆழமும், காற்றுக்குழாயோடு தொங்கும் கன்சோலில் இருந்த பழைய முள் ஆழமீட்டரும் ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் ஏறக்குறைய 3 மீட்டர் கூடுதலாகக் காட்டியது. உடன் வந்தவருக்குக் கையைக் காட்டி டைவை முடித்துக்கொண்டு, முள் மீட்டரைப் பார்த்தபடி மெதுவாக ஏறி, 5 மீட்டரில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்று, படகில் ஏறினேன். படகில் எல்லாருடைய கம்ப்யூட்டரும் மேற்பரப்பு நேரத்தை எண்ண ஆரம்பித்திருந்தது. என்னுடையது மட்டும் 3.1 மீட்டர் என்று காட்டிக்கொண்டு டைவ் நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. நன்னீரில் ஊறவைத்தேன், துடைத்து உலர்த்தினேன், ஒன்றும் மாறவில்லை. இரவு சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் அது இன்னும் கடலுக்குள்தான் இருந்தது. பையைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒரு பீப். பேட்டரி தீரும்வரை அந்த டைவ் முடியவே இல்லை.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் அன்று வந்தது. அப்புறம் யோசித்துப் பாருங்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் நைட்ரஜன் கரைகிறது, அது மெதுவாக வெளியேறாவிட்டால் ஆபத்து. அதைக் கணிக்க அந்தக் கருவி பூல்மான் என்ற விஞ்ஞானியின் கணக்கை வைத்து வேலை செய்கிறது. உடம்பை 16 கற்பனைத் திசுப் பெட்டிகளாகப் பிரித்து, எந்தப் பெட்டியில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விநாடிக்கு விநாடி கணக்குப் போடுகிறது. ஒரு பெட்டி சில நிமிடத்தில் பாதி நிறையும், கடைசிப் பெட்டி பாதி நிறைய 635 நிமிடம் ஆகும். இவ்வளவு நுணுக்கமான கணக்கும் நிற்பது சின்னப் பொட்டு மாதிரி இருக்கும் ஒரே ஒரு பிரஷர் சென்சார்மேல். சென்சார் பொய் சொன்னால் அந்தக் கணக்கு முழுவதும் பொய். நான் மேலே வந்ததே அதற்குத் தெரியாது. விமானம் ஏற எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியாது.

"ஆழமாகத்தானே காட்டியது, அது பாதுகாப்புதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, இன்றைக்கு ஆழமாகக் காட்டுகிறது. நாளைக்கு எந்தப் பக்கம் சாயும் என்று அந்தச் சென்சார் எழுதிக் கொடுத்திருக்கிறதா? நிஜமாக 24 மீட்டரில் இருக்கும்போது 20 என்று காட்டினால், அந்த ஆழத்தில் பாதுகாப்பாக இருக்க மிச்சமில்லாத நேரத்தை மிச்சம் என்று சொல்லும். அதை நம்பி நீங்கள் இருங்கள், நான் படகில் இருக்கிறேன்.

"பேக்கப் வைத்திருக்க வேண்டும்" என்பது சரி. அந்த முள் மீட்டரை வைத்திருந்தேன், அதனால்தான் கண்டுபிடித்தேன். விஷயம் முடிந்தது.

"சரியாகப் பராமரித்திருக்க மாட்டாய்." இதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது, அதுவும் என்னோடு டைவ் செய்தவர்களே இதை எழுதியிருப்பதால். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நான் அதை நன்னீரில் ஊறவைப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பேட்டரி மாற்றும்போதெல்லாம் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் மாற்றி, முடி ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். அந்த டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவரே இப்போது "உப்பு படிந்திருக்கும் நண்பா" என்கிறார். படிந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அதைத்தானே திறந்து பார்க்கச் சொல்கிறேன்!

இனி பெரிய வாதம். "நிறுவனம் எத்தனை வருடத்துக்குத்தான் பழசைத் தாங்கும், உதிரிபாகம் நின்றுபோய்விடும், இது வியாபாரம்." சரி, பாகம் நின்றுபோகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதித்துச் சொல்வதற்கு எந்தப் பாகம் வேண்டும்? தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன அழுத்தக் கலன் போதும். அழுத்தத்தை ஒவ்வொரு பார் (அழுத்த அலகு) ஏற்றும்போதும் காட்டும் ஆழம் சுமார் 10 மீட்டர் கூடுகிறதா என்று பார்த்தால் முடிந்தது. அந்தக் கலன் இல்லாத சர்வீஸ் சென்டர் சர்வீஸ் சென்டரே இல்லை, வெறும் விற்பனைக் கூடம். அவர்களும் செய்ய மாட்டார்கள், வெளியில் கைத்திறன் உள்ளவர் செய்யலாம் என்றால் பாகமும் விற்க மாட்டார்கள், அளவுத்திருத்தம் செய்யும் மென்பொருளும் தர மாட்டார்கள். தானும் படுக்க மாட்டேன் தள்ளியும் படுக்க மாட்டேன் என்றால் எப்படி?

வாரண்டி முடிந்தால் பொறுப்பு முடிந்தது என்பது ஏதோ இயற்கை விதி மாதிரி பேசாதீர்கள். 1990களின் நடுவில் விற்ற யுவாடெக் நிறுவனத்தின் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் டைவ் கம்ப்யூட்டர்களை 2003இல் திரும்பப் பெற்றார்கள். டைவ்களுக்கு நடுவே மேற்பரப்பில் இருக்கும்போது நைட்ரஜன் வெளியேறும் கணக்கை மென்பொருள் தப்பாகப் போட்டது. எந்த வாரண்டி அவ்வளவு காலம் நீளும்? சுண்டோ நிறுவனத்தின் டைவ் கம்ப்யூட்டர்களில் உள்ள ஆழ சென்சார் பற்றி அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கு 2018இல் சமரசமானது. நிறுவனத் தரப்பு குறையை ஒப்புக்கொள்ளவில்லை, இருந்தும் வாரண்டி முடிந்த கருவிகளையும் சோதித்து, கோளாறு இருந்தால் சரிசெய்தோ மாற்றியோ தர ஏற்பாடானது. (என் கருவி இந்த இரண்டு நிறுவனத்துடையதும் இல்லை. பெயர் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள்.) ஆக, நினைத்தால் செய்ய முடியும். நினைக்க வைக்க நீதிமன்றமோ அரசோ வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி சட்டத்தையும் ஒருவர் எனக்கு எதிராகவே எடுத்து வந்தார். 2027 பிப்ரவரியிலிருந்து சிறிய கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே மாற்ற முடிய வேண்டும், ஆனால் தண்ணீரில் புழங்கும் கருவிகளுக்கு விலக்கு உண்டு, பார் என்றார். பார்த்தேன். முழுதாகவும் படித்தேன். நிறுவனத்தைச் சாராத தொழில்நுட்பக்காரர் மாற்றினால் போதும் என்பதுதான் அந்த விலக்கே. அதாவது தண்ணீர்க் கருவியையும் வெளியாள் ஒருவர் திறக்க முடிய வேண்டும். இது பேட்டரிக்கு மட்டும்தான், சென்சாருக்கு இல்லை, தெரியும். ஆனாலும் அந்த வரியை எனக்கு எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி.

கடைசியில் "கஞ்சன்" என்று எழுதியவருக்கு. புதிது வாங்கக் காசில்லாமல் நான் புலம்பவில்லை. வாங்கத்தான் போகிறேன், அவர்களிடம் இல்லை. புதியதை வாங்கி, அதுவும் வாரண்டி முடிந்த பிறகு மேசையில் உட்கார்ந்து டைவ் போனால் அப்போதும் தள்ளுபடிதானா? எதனால் கெட்டது என்று தெரியாமல் அதே சென்சார் இருக்கும் அடுத்த மாடலை எந்த நம்பிக்கையில் கட்டிக்கொண்டு இறங்குவது? அதே மாடல் இன்னும் எத்தனை பேர் கையில் இருக்கிறதோ. என்னுடையதைத் திறந்து பார்த்திருந்தால் அவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை போயிருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, மூன்று வரி மின்னஞ்சலுக்காக நீங்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறீர்கள். அந்த நிறுவனத்துக்கே அதன்மேல் இவ்வளவு பாசம் இருக்காது.

நேற்று மறுபடி எழுதியிருக்கிறேன். சோதனைக் கட்டணம் எவ்வளவு என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். அதுவரை "ரீசெட் செய்து பார்த்தீர்களா" என்று கேட்க நினைப்பவர்களுக்கு, பார்த்துவிட்டேன்.