எஸ்எஸ்டி வாங்கும்முன் டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

மாதத்துக்கு இரண்டு பேராவது இன்பாக்ஸில் வந்து, "நல்ல எஸ்எஸ்டி ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ். கூடவே இரண்டு படங்கள் வரும். ஒன்றில் வேகம் நொடிக்கு 3,500 எம்பி என்று இருக்கும், இன்னொன்றில் 7,000. விலை வித்தியாசம் கொஞ்சம்தான், பெரிய எண்ணையே எடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. அவசரத்தில் சொல்லும் பதில் தவறாகப் போய்விடுமோ என்ற கவலையில்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் எனக்கு நடந்தது. சில வருடங்களுக்கு முன்னால் கிடைத்ததிலேயே மலிவான ஒரு எஸ்எஸ்டியை வாங்கி லேப்டாப்பில் போட்டேன். பதினான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் இரவு வேலை முடித்து மூடி வைத்தேன். காலையில் திறந்தால் கறுப்புத் திரையில், பூட் செய்ய எந்த டிரைவும் இல்லை என்று ஒரே ஒரு வரி. கம்ப்யூட்டரின் ஆரம்ப அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். டிரைவின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஹார்டு டிஸ்க் போகும்முன் பெரும்பாலும் டக் டக்கென்று சத்தம் கொடுக்கும், ஃபைல் திறக்கத் திணறும், நாமும் சுதாரித்துக்கொள்வோம். இது சத்தமே இல்லாமல் போனது.

வாரண்டியில் புது டிரைவ் வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாட்டி பேசப் பேச நான் பதிவு செய்து வைத்திருந்த ஒலிப்பதிவுகள் வரவில்லை. வாரண்டி டிரைவுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. மீட்டுத் தருபவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப் நன்றாக இருந்தாலும் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற கணக்கு, டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரிடம்தான் இருக்கிறது, அது செத்தால் மீட்பது ரொம்பக் கஷ்டம் என்றார்கள். அன்றிலிருந்து நான் டிரைவ் பார்க்கும் வரிசையே மாறிவிட்டது.

சரி, வேகத்துக்கு வருவோம். அந்த 7,000 என்பது ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது கிடைப்பது. கம்ப்யூட்டர் பூட் ஆவதும் பிரவுசர் திறப்பதும் அப்படிப்பட்ட வேலை இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை அங்கும் இங்குமாக, பெரும்பாலும் ஒவ்வொன்றாக எடுக்கும் வேலை அது. அதில் 7,000 என்று விற்கும் டிரைவ்கூட பெரும்பாலும் நொடிக்கு 100 எம்பியைத் தாண்டாது. ஹார்டு டிஸ்க் ஒரு துண்டைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி செகண்ட் எடுக்கும், எஸ்எஸ்டிக்கு 0.1 மில்லி செகண்டே அதிகம். அந்த முதல் தாவலைத்தான் நாம் உணர்கிறோம். சாட்டா என்ற பழைய இணைப்பு முறையின் 550-லிருந்து என்விஎம்இ என்ற புது முறையின் 3,500-க்குப் போனால் கொஞ்சம் தெரியும். 3,500-லிருந்து 7,000-க்குப் போனால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. நாள் முழுக்கப் பெரிய வீடியோ ஃபைல்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு அது தேவைதான். பிளேஸ்டேஷன் 5-க்கு வாங்குபவர்களும் வேகத்தைப் பார்த்தே ஆக வேண்டும், சோனியே 5,500-க்கு மேல் இருப்பது நல்லது என்கிறது.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம், ஏனென்றால் ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது.

ஃபிளாஷ் செல் என்பது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் சின்னக் குழி. அதில் ஒரு பிட் மட்டும் வைத்தால் இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். டிஎல்சி என்ற வகையில் மூன்று பிட், அதாவது 8 நிலைகள். கியூஎல்சி என்ற வகையில் நான்கு பிட், 16 நிலைகள். அதே குழிக்குள் இத்தனை நிலைகளைத் துல்லியமாக எழுத வேண்டுமென்றால் நேரம் ஆகத்தான் செய்யும், செல்லும் சீக்கிரம் தேயும். இதை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியை ஒற்றை பிட்டாக வைத்து வேகமாக எழுதிக்கொள்கிறார்கள். அதுதான் கேஷ். பெட்டியில் போட்டிருக்கும் எழுதும் வேகம் அந்த கேஷின் வேகம்.

ஒருமுறை 300 ஜிபி வீடியோ ஃபோல்டரை ஒரு கியூஎல்சி டிரைவுக்கு காப்பி போட்டேன். விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடம் முதலில் மேலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் செங்குத்தாக விழுந்து, தரையோடு ஒட்டிக்கொண்டது. மீதி முழுக்க 90-க்கும் 110-க்கும் நடுவே தவழ்ந்தது. பழைய ஹார்டு டிஸ்க்கே அதைவிட வேகமாக முடித்திருக்கும். இதை ஒளிக்காமல் போடும் நிறுவனங்களும் உண்டு. சாம்சங் 870 கியூவிஓ 1 டிபி டிரைவின் டேட்டாஷீட்டில், 42 ஜிபி கேஷ் தீர்ந்தபின் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பி என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். முன்பக்கத்து எண் 530. இரண்டுமே உண்மைதான், ஆனால் இரண்டாவதைத் தேடிப்போய்ப் படிப்பவர்கள் குறைவு. இன்னொன்று, பல டிரைவ்களில் இடம் நிரம்ப நிரம்ப கேஷும் சுருங்கும். சோதனைகள் பெரும்பாலும் காலி டிரைவில்தான் நடக்கின்றன, நாமோ முக்கால்வாசி நிரப்பித்தான் வைத்திருக்கிறோம்.

அதற்காக கியூஎல்சி ஆகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை படிக்கும் கேம்களுக்கும் படங்களுக்கும் அது போதும். ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கும் டிரைவாக மட்டும் அதை வைக்காதீர்கள். சாட்டா டிரைவ் என்றால் டிரேம், அதாவது எந்தத் துண்டு எங்கே என்ற கணக்கை வைத்துக்கொள்ளும் வேகமான நினைவகம், இருக்கிறதா என்றும் பாருங்கள். டிரேம் இல்லாத என்விஎம்இ டிரைவ்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும், சாட்டாவில் அந்த வசதி கிடையாது.

அப்புறம் டிபிடபிள்யூ, அதாவது எத்தனை டிபி எழுதும்வரை வாரண்டி என்ற கணக்கு. இதற்குப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். 1 டிபி டிரைவுக்கு 600 டிபி, 5 வருடம் என்றால் தினமும் 328 ஜிபி எழுதலாம். அவ்வளவு யார் எழுதுகிறோம்? 'டெக் ரிப்போர்ட்' தளம் 2013-லிருந்து 2015 வரை ஆறு எஸ்எஸ்டிகளை எழுதி எழுதியே சாகடித்துப் பார்த்தது. எல்லாமே 240-லிருந்து 256 ஜிபி வரை அளவுள்ளவை. அதில் இரண்டு, 2,000 டிபியைத் தாண்டிய பிறகும் ஓடின.

ஆக, வீட்டு உபயோகத்தில் டிரைவ் தேய்ந்து சாவது அரிது. கன்ட்ரோலர், ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்), மின்சாரக் கோளாறு, இவற்றால்தான் திடீரென்று போகிறது. 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. சில சர்வர் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும், டேட்டாவும் போய்விடும், உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்றது. மூன்றே முக்கால் வருடம் நன்றாக ஓடிய டிரைவ்கள், ஒன்றாக வாங்கியிருந்தால் ஒன்றாகவே போகும். அதனால்தான், ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தொடர்ந்து வெளியிடும் நிறுவனமா என்பதை வேகத்துக்கு முன்னால் பார்க்கச் சொல்கிறேன். 15 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கும் எம்டிபிஎஃப், அதாவது கோளாறுகளுக்கு நடுவிலான சராசரி நேரம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். கணக்குப் போட்டால் 171 வருடம் வரும். அது ஆயிரக்கணக்கான டிரைவ்களுக்கான சராசரிக் கணக்கு, உங்கள் கையில் இருக்கும் ஒன்றின் ஆயுள் இல்லை.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. அதே பெயர், அதே பெட்டி, உள்ளே மட்டும் பொருள் மாறியிருக்கும். 2021-இல் குரூஷியல் பி2 டிரைவில் டிஎல்சி போய் கியூஎல்சி வந்தது. அதே ஆண்டு வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550-இலும் ஃபிளாஷ் மாறி, கேஷ் தீர்ந்தபின் வேகம் நன்றாகக் குறைந்தது. இனிமேல் இப்படி மாற்றினால் புது மாடல் எண் கொடுப்போம் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் பிறகு சொன்னது. அதனால் பழைய ரிவ்யூவை நம்பி வாங்காதீர்கள், சமீபத்தில் வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது என்னைக் கேட்டால்: டிஎல்சி, 5 வருட வாரண்டி, தேவைக்கு ஒரு படி பெரிய கொள்ளளவு, வேகம் 3,500 இருந்தால் போதும். 7,000-க்குப் போகாமல் மிச்சமாகும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, அதில் இரண்டாவது பிரதி வையுங்கள். அந்தப் பிரதிக்கும் எஸ்எஸ்டி வேண்டாம் என்பது என் கருத்து. தன் எழுதும் வரம்பு முழுவதையும் தீர்த்துவிட்ட எஸ்எஸ்டி, கரன்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைத் தாங்கினால் போதும் என்பதுதான் சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி. புது டிரைவ் அதைவிட எவ்வளவோ தாங்கும். ஆனாலும் அலமாரியில் வைத்து மறந்துவிடும் பொருள் அது இல்லை.

இதை எழுதும்போது என் டிரைவை, டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து பார்த்தேன். நான்கு வருடம் ஓடியிருக்கிறது. எழுதியது 31 டிபி, தேய்மானம் 5 சதவீதம், மீடியா எரர் பூஜ்யம். அப்படியே பக்கத்தில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைச் சொருகி, இந்த வார பேக்கப்பை ஓட விட்டிருக்கிறேன்.