அல்ஜீப்ரா இயற்பியல் எஞ்சினியரிங்குக்குப் போதாது
“கம்யூனிட்டி காலேஜில் அல்ஜீப்ரா வழி இயற்பியல் எடுத்தால் போதும், எஞ்சினியரிங்குக்கும் அதுவே செல்லும், கணக்கும் பெரிதாக வராது” என்று எழுதியிருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர் இதை நம்பிச் சேர்ந்தால் ஒரு வருடம் வீணாகும். அந்தப் பாடம் பெரும்பாலும் உயிரியல், மருத்துவம் பக்கம் போகிறவர்களுக்கானது. யூசி, அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எஞ்சினியரிங் துறைகள் கேட்பது கால்குலஸ் வழி இயற்பியல். கிரெடிட் ஏறலாம், மேஜருக்கான (முதன்மைப் பாடத்துக்கான) தேவை நிறைவேறாது. எந்தக் காலேஜ் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் (assist.org) தளத்தில் உங்கள் காலேஜையும் போகவிருக்கும் வளாகத்தையும் போட்டால் பாடவாரியாகக் காட்டும்.

அப்புறம் அந்தக் கணக்கு விஷயம். 30 டிகிரி சரிவில் 2 கிலோ கட்டை: எடை 19.6 நியூட்டன், சரிவு வழியே இழுப்பது அதில் பாதி, 9.8. அந்தப் பாதி சைன் 30-லிருந்து வருகிறது. முக்கோணவியலை மறந்தவர்கள் இங்கேயே திணறுவார்கள். நானும் திணறியவன்தான்.