மூன்று மடங்குச் சம்பளம்: கணக்கில் விடுபட்டது விலைவாசி

"குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் 10,000 ரூபாய், இப்போது 30,000, தொழிலாளியின் வாங்கும் சக்தி மூன்று மடங்காகிவிட்டது" என்று யாழ்ப்பாண வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் கணக்கு பாதிதான் சரி. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 என்பது உண்மை. விலைவாசியை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள். 2022 செப்டம்பரில் கொழும்பின் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம், சட்டப்படியான சம்பளமோ 12,500லேயே நின்று, 2024இல்தான் அசைந்தது. உயர்வின் பெரும்பகுதியை விலைகளே விழுங்கிவிட்டன.

கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு அந்த 30,000மும் முழுதாகக் கைக்கு வராது. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஓய்வுகாலச் சேமிப்பு) 8 சதவீதம், அதாவது 2,400 ரூபாய் கழியும். முதலாளியின் 12 சதவீதப் பங்கு தனி. அதையும் அவள் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டவிரோதம். இந்தச் சம்பளம் "கொழும்புக்கு மட்டும்தான்" என்று அந்த வட்ஸ்அப் கணக்கோடு வரும் பின்குறிப்பும் பொய்: குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நாடு முழுவதற்கும் உரியது.