கேரண்டி கார்டு தண்ணீரைத் தடுக்காது: மொட்டை மாடித் தகராறு பற்றிச் சங்கங்களுக்குச் சில வார்த்தைகள்

ஐப்பசி மழை நாலு நாள் அடித்தால் போதும், ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வரத் தொடங்கிவிடும். கூரையில் ஓதம், பெயர்ந்த பெயிண்ட், ஃபேன் கொண்டி வழியாகச் சொட்டும் தண்ணீர். "காண்ட்ராக்டர் ஏமாத்திட்டாரு" என்பார் ஒருவர். "பத்து வருஷ கேரண்டி இருக்குல்ல, எடுத்து நீட்டுங்க" என்பார் செயலாளர். காண்ட்ராக்டரோ "மழை விடட்டும் சார், வந்து பாக்குறேன்" என்பார். தை பிறந்ததும் எல்லாருக்கும் மறந்துபோகும்.

என் கருத்து இதுதான். இந்தச் சண்டைகளில் சங்கங்கள் தோற்பதற்குக் காரணம் அந்தக் கொட்டேஷன் காகிதம். "டெரஸ் வாட்டர் புரூஃபிங், 4,000 சதுர அடி, இரண்டு கோட், 10 வருட கேரண்டி" என்று ஒரே வரி. இதில் எதை அளந்து, எதைக் குறைவென்று நிரூபிப்பீர்கள்? "இரண்டு கோட்" என்பது அளவே அல்ல. தண்ணியாகக் கலக்கி இரண்டு முறை ரோலரை ஓட்டினாலும் இரண்டு கோட்தான்.

அளவு என்றால் மில்லிமீட்டர். கணக்கு எளிது: ஒரு லிட்டர் பூச்சை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 1 மி.மீ. தடிமன் வரும். அந்தப் பொருளின் திடப்பகுதி கன அளவில் 50 சதவீதம் என்றால் காய்ந்த பிறகு 0.5 மி.மீ. மிஞ்சும். இந்தச் சதவீதம் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் இருக்கும். 4,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 372 சதுர மீட்டர். 50 சதவீத அக்ரிலிக் பூச்சில் காய்ந்து 1 மி.மீ. நிற்க வேண்டுமானால் 744 லிட்டர் வேண்டும். 20 லிட்டர் வாளியில் 37-க்கு மேல். தளத்துக்கு வந்து இறங்கியது 12 வாளி என்றால்? 240 லிட்டர், காய்ந்தபின் 0.32 மி.மீ. மூன்று ஏ4 தாளை அடுக்கிவைத்த கனம். ஏப்ரல், மே வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது அது எத்தனை நாள் தாங்கும்?

அதனால் வேலை நடக்கும்போதே காலி வாளிகளை மாடியிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பேட்ச் எண் தெரியும்படி படம் எடுங்கள். முழுதும் எண்ணிப் பார்த்து இருதரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே வாளிகள் கீழே இறங்க வேண்டும். இந்த ஒரு ஷரத்தைக் கேட்டதுமே ரேட்டை ஏற்றும் காண்ட்ராக்டர் இருக்கிறார். அவரிடம் கோபப்படாதீர்கள். பழைய ரேட்டுக்கு அவர் எவ்வளவு பொருள் போட இருந்தார் என்பதை அவரே சொல்லிவிட்டார். மலிவான சதுர அடி ரேட்டைத் தேர்ந்தெடுத்த பொதுக்குழுவுக்கும் இதில் பங்கு உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தனிச் சிக்கல், உப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மொட்டை மாடியைக் கையால் தடவினால் மணலும் உப்பும் சேர்ந்து ஒட்டும். அதன்மேல் பூச்சு அடித்தால், அடியில் சிக்கிய உப்பு ஈரத்தை இழுக்கும், பூச்சு கொப்புளமாக எழும். கொப்புளத்தைக் கீறினால் உள்ளே தண்ணீர் நிற்கும். பூச்சு "நல்ல கம்பெனி" என்பதால் இது மாறாது. நல்ல தண்ணீரால் கழுவி, முழுதாகக் காயவிட்டு, காய்ந்த அன்றே முதல் கோட். இரண்டாவது கோட்டுக்கு இடையில் இரவு முழுதும் காற்று அடித்திருந்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. உச்சி வெயிலில் அடித்தால் மேல்தோல் சட்டென்று காய்ந்து ஊசித்துளை விழும். காலை வெயில் ஏறும் முன்போ, மாலை நாலு மணிக்குப் பிறகோதான் அடிக்க வேண்டும். கழுவுவதற்கும் கலவைக்கும் போர் தண்ணீரா, காவிரி தண்ணீரா, லாரித் தண்ணீரா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கடலோரத்து போர்களில் பலவும் இதைத் தாண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

இனி ஒழுகலைப் படிக்கும் விதம். மழை பெய்யும்போதே சொட்டி, விட்டதும் நின்றால், விரிசலோ, மழைநீர்க் குழாயின் வாயோ, கைப்பிடிச்சுவர் ஓரமோ காரணம். மழை விட்டு ஒரு நாள் கழித்து ஆரம்பித்து நாலைந்து நாள் கசிந்தால், தட்டோட்டுக்குக் கீழே உள்ள சுருக்கித் தளம் (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புப் படுகை) தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. மழையே இல்லாமல் கசிந்தால் மேல்தொட்டியும் பைப் லைனும். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைப் பூச்சு அடிக்கிறேன் என்பவர் பிரச்சினையைப் பார்க்கவே இல்லை.

குறிப்பாக இரண்டாவது வகை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட பழைய சுருக்கி 3 அங்குலக் கனம் இருக்கும். கட்டையால் நன்றாக அடித்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து இறுக்கிய காலத்து வேலை இன்றும் பல பழைய வீடுகளில் நிற்கிறது. அடிக்காமல் கொட்டிப் பரப்பிய சுருக்கி வெறும் பஞ்சு. ஓட்டின் இடுக்கில் இறங்கும் தண்ணீர் அதில் ஊறி நிற்கும். அந்த ஈரத்தின்மேல் பூச்சை அடித்துவிட்டால், வெயில் ஏறியதும் ஆவி மேலே வர வழியின்றிப் பூச்சைத் தூக்கும், மிச்ச ஈரம் கீழே கூரைக்குள் இறங்கும். வேலை செய்த பிறகு ஒழுகல் அதிகமாவது இதனால்தான். அங்கே ஓட்டையும் சுருக்கியையும் பெயர்த்தெடுத்துத் தளம் வரை போவதைத் தவிர வேறு வழி கிடையாது. செலவு கூடும், மாடியில் தூசி பறக்கும், கழிவை இறக்க லாரி வேண்டும். ஆனாலும் அதுதான் வேலை.

வாட்டம் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 100-க்கு 1 என்பது குறைந்தபட்சம். அதாவது 20 அடி ஓட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம் இறக்கம். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்துப் பத்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம். குழாயும் அப்படித்தான். மணிக்கு 100 மி.மீ. மழைக்கு ஒரு 4 அங்குலக் குழாய் சுமார் 460 சதுர அடியைத் தாங்கும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்புக் கணக்கு. 4,000 சதுர அடிக்கு ஒன்பது குழாய். உங்கள் மாடியில் எத்தனை? 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஒவ்வொரு 1,000 சதுர அடிக்கும் அது 37,000 லிட்டர் தண்ணீர். 4,000 சதுர அடிக்கு நாலே குழாயும் அதில் இரண்டில் வேப்பிலை அடைப்புமாக இருந்தால், தண்ணீர் ஓரப் பூச்சின் உயரத்தைத் தாண்டிச் சுவருக்குள் போகும். இதற்குக் காண்ட்ராக்டரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் சுவர் ஓரத்தில் பூச்சை ஒரு அடி மேலே ஏற்றாமல், மூலையை உருட்டிப் பூசாமல், வெறும் தரையோடு நிறுத்தியிருந்தால் அது அவர் தவறுதான்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. ஓடு பதிப்பதற்கு முன் பூச்சின்மேல் ஒருமுறை, ஓடு பதித்து இடுக்கு அடைத்த பிறகு இன்னொருமுறை. முதல் முறையைத் தவிர்த்துவிட்டால், பிறகு ஒழுகும்போது கோளாறு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது; காண்ட்ராக்டருக்கு அதுதான் வசதி. செங்கல் வரப்பு கட்டிப் பகுதி பகுதியாகப் பிரித்து, குழாய் வாயை அடைத்து, 2 அங்குலத் தண்ணீர் 48 மணி நேரம் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் தானாகவே இறங்கும், அதைக் காட்டி "வெயில்தான் சார் குடிச்சிருச்சு" என்பார்கள். பக்கத்திலேயே அதே தண்ணீர் நிரப்பிய ஒரு வாளியை வைத்துக் கோடு போடுங்கள். வாளியில் இறங்கியதைவிட வரப்புக்குள் அதிகம் இறங்கியிருந்தால் கசிகிறது. 4,000 சதுர அடிக்கும் சேர்த்து 18,600 லிட்டர், ஒன்றரை லாரிக்கு மேல். இந்தச் செலவு யாருடையது என்பதை முன்பே எழுதாவிட்டால் சோதனை நடக்காது. உப்பு போர் தண்ணீரைக் கட்டவே கட்டாதீர்கள். கசிந்தால் அது நேராகக் கம்பிக்குப் போகிறது.

கம்பி என்றதும் காண்ட்ராக்டர் தரப்புக்கு ஒரு நியாயம் பேச வேண்டும். கீழ்க்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால், அது போன வருடம் பூச்சு அடித்தவரின் பாவம் இல்லை. கடலோரச் சூழலை ஐ.எஸ். 456 கடுமையான வகை என்கிறது. எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடல் வேண்டும் என்கிறது. நம் பக்கத்துப் பழைய கட்டடங்களின் கூரைத் தளத்தில் அரை அங்குல மூடலே பெரிது. உப்பு உள்ளே போய், துரு ஊதி, காரையைத் தள்ளுகிறது. மேலே எந்தப் பூச்சு போட்டாலும் ஏற்கெனவே தொடங்கிய துரு அப்படியே நின்றுவிடாது. சுத்தியலால் தட்டிப் பார்த்துப் பொள்ளல் சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதைத் தனி வேலையாகப் பேசுங்கள். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு காரையை உடைத்து, துருவை வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் கால் பங்கு தின்னப்பட்டிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி. அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும், மேஸ்திரி போதாது. ஆனால் வெறும் சிமென்ட் பூச்சைப் பூசி அந்த இடத்தை மறைத்துவிட்டுப் போனவருக்கு இந்த நியாயம் பொருந்தாது.

சரி, வேலை கெட்டுவிட்டது, காண்ட்ராக்டர் வரவில்லை. முதலில் செய்யக் கூடாதது, கோபத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பெயர்ப்பது. சாட்சியமே அந்தப் பூச்சுதான். நாள், நேரம் குறித்து ஸ்பீடு போஸ்டில் கடிதம் போடுங்கள்: இன்ன தேதியில் கூட்டாய்வு, வாருங்கள், வராவிட்டாலும் நடக்கும். அன்று சுயேச்சையான பொறியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு குறைந்தது மூன்று இடத்தில் பூச்சை 10 செ.மீ. சதுரமாக வெட்டியெடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வாங்குங்கள். வெட்டிய இடத்தை அன்றே மூடிவிடுங்கள். அதன்பிறகு, சரிசெய்ய 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ். இடையில் மழை வந்தால் தார்ப்பாயோ தற்காலிகப் பூச்சோ போட்டு வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ரசீது வையுங்கள். இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு கேட்கும்.

நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த கூலி 50 லட்சம் வரை என்றால் ராமநாதபுரம் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஒரு நுணுக்கம் இருக்கிறது. சட்டப்படி கட்டாயமாக அமைந்த உரிமையாளர் சங்கம் தன் பெயரில் நுகர்வோர் புகார் கொடுக்க முடியாது என்று 2020-இல் ஒரு பெங்களூருக் குடியிருப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது 1986 சட்டத்தின் கீழ். எதற்கு வம்பு? மேல்தளத்து வீட்டுக்காரர்களும் மற்ற உரிமையாளர்களும் ஒரே பாதிப்பு உள்ளவர்களாகச் சேர்ந்து, இப்போதைய 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி ஆணையத்தின் அனுமதியோடு தங்கள் பெயரில் போடட்டும். சிவில் வழக்கு என்றால் மூன்று வருடம், அங்கே நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பித் தளத்தைப் பார்க்கச் சொல்லி மனுப் போடலாம். கட்டடமே புதிது, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ளது, சாவி வாங்கி ஐந்து வருடம் ஆகவில்லை என்றால் இந்தக் காண்ட்ராக்டரிடம் போகவே வேண்டாம். அந்தச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி பில்டர்தான் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். இது தெரியாமல் சங்கப் பணத்தில் பூச்சு அடித்துவிட்டு, பிறகு பில்டரிடம் போய் "நீங்களே கை வச்சிட்டீங்களே" என்ற பதிலை வாங்கி வருகிறார்கள்.

அடுத்த ஒப்பந்தத்துக்கு: வேலை பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் முடிய வேண்டும், ஆவணியில் அவசரமாக ஆள் தேடாதீர்கள். முன்பணம் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். முதல் தண்ணீர்ச் சோதனை தேறிய பிறகு ஒரு பெரிய தவணை. 10 சதவீதத்தைப் பிடித்து வைத்து மார்கழி முடிந்த பிறகு கொடுங்கள். கேரண்டி யாருடையது, பொருள் கம்பெனியுடையதா காண்ட்ராக்டருடையதா, உடைத்தெடுக்கும் கூலியும் சேர்த்தா என்பதை ஒரு வரியில் கேளுங்கள். பெரும்பாலான கார்டுகளில் "பொருள் மட்டும்" என்றிருக்கும். ஒரு வாளி பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கூலி கேட்பார்கள்.

இதோடு உங்கள் பக்கத்து ஆட்களையும் கட்டிப் போடுங்கள். பூச்சு காய்ந்த மாதமே ஒருவர் சூரிய மின்தகட்டு ஸ்டாண்டுக்கு, இன்னொருவர் டிஷ் ஆன்டெனாவுக்கு என்று தளத்தில் துளை போட்டு போல்ட் இறக்குவார்கள். அந்த ஒவ்வொரு துளையும் கேரண்டியை ரத்து செய்யும், அதைச் சொல்ல காண்ட்ராக்டருக்கு முழு உரிமை உண்டு. ஸ்டாண்டு கால்களைத் தளத்தில் துளைக்காமல் கான்கிரீட் கட்டைகளில் நிறுத்தி, கட்டைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடச் சொல்லிப் பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதி, மாடிச் சாவியைச் செயலாளர் கையில் வையுங்கள்.