வடசென்னையில் மலை இல்லை, லாரி இருக்கிறது

நேற்றிரவு நம் சைக்கிள் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டான். எம்டிபி (மலைப்பாதைக்கான மவுண்டன் பைக்) வாங்கப்போகிறேன், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளதாக வாங்கலாமா, கம்பி இழுக்கும் ஒயர் டிஸ்க் போதுமா என்று. அவ்வளவுதான் கேள்வி. குழுவின் மூத்தவர் ஒருவர் எழுதிய பதில்: "வடசென்னையில் எந்த மலையிலிருந்து இறங்கப்போகிறாய் தம்பி?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். காலையில் பார்த்தால், பையன் கேள்வியையே அழித்துவிட்டான்.

சிரித்தவர்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

பிரேக் என்பது மலைக்காக உண்டான பொருள் அல்ல, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கான பொருள். எண்ணூர் விரைவுச்சாலைக்கு ஒரு நாள் விடியற்காலையில் வந்து பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசைக்கும் சாலையோர மணலுக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில்தான் நாங்கள் ஓட்டுகிறோம். திடீரென்று லாரியின் கதவு திறக்கும். கிளீனர் குதிப்பார். இரண்டு லாரிகளுக்கு இடையிலிருந்து கையில் டீயோடு ஒருவர் வெளியே வருவார். கீழே மணல், சிந்திய டீசல், காசிமேட்டிலிருந்து போகும் வண்டிகளில் வடிந்த மீன் தண்ணீர். மலையில் இறங்குகிறவர் தன் பாதையை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அடுத்த பத்தடியில் யார் வருவார் என்று தெரியாது. அப்படியானால் நல்ல பிரேக் யாருக்கு வேண்டும்?

ஒயர் டிஸ்க்குக்கும் ஹைட்ராலிக்குக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் பலர் சிரித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டிலும் சக்கரத்தோடு சுழலும் தட்டுதான் ரோட்டர். அதை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் கட்டைகள் பேடுகள். பேடுகளைத் தாங்கும் பிடி காலிப்பர். ஒயர் டிஸ்க்கில் லீவரை அழுத்தினால் உறைக்குள் கம்பி இழுபடுகிறது. அந்த உறைக்குள் தண்ணீரும் தூசியும் போகும். எங்கள் பக்கம் கடல் காற்றின் உப்பும் போகும். துருப்பிடித்த கம்பி உறைக்குள் உரசும்போது, விரல் கொடுத்த விசையில் ஒரு பகுதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. போதாததற்குப் பெரும்பாலான ஒயர் காலிப்பர்களில் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டரைத் தள்ளி மறுபக்க பேடில் சாய்க்கும். பேட் தேயத் தேய நாம்தான் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஹைட்ராலிக்கில் கம்பியே இல்லை. மூடிய குழாய்க்குள் எண்ணெய். திரவம் அமுங்காது, ஆகவே விரலின் அழுத்தம் அப்படியே காலிப்பரில் பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்களுக்குப் போகிறது. பாஸ்கல் விதி என்று பள்ளியில் படித்ததுதான். இரண்டு பேடும் இரு பக்கமிருந்து சமமாகப் பிடிக்கும். தேய்மானத்துக்கு ஏற்பப் பிஸ்டன்கள் தாமாக முன்னே வந்துகொள்ளும். ஒரே ஒரு விரல் போதும். எவ்வளவு பிடிக்கிறது என்பதை அந்த விரலே உணரும். எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து, ஸ்பேனர் பிடித்து மரத்துப்போன கையோடு வீடு திரும்புகிறவனுக்கு இது சொகுசா?

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் எர்ணாவூர் மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டை பிரேக். முன்னால் போன லாரி நின்றது. இரண்டு லீவரையும் கைப்பிடியைத் தொடும்வரை அழுத்தினேன். நனைந்த ரிம்மில் கட்டை வழுக்கியது. முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்தெடுத்த பிறகுதான் அது பிடிக்கவே தொடங்கும். அந்த நேரம் எனக்குக் கிடைக்கவில்லை. இடதுபுறம் ஒடித்து மணலில் விழுந்தேன். முன்சக்கரம் வளைந்தது. தோள்பட்டை இன்றும் மழை வந்தால் வலிக்கிறது. அது மலை இல்லை ஐயா, மேம்பாலம்.

"விலை அதிகமாயிற்றே" என்று நேற்று சிலர் எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. சில ஆயிரம் ரூபாய் எங்கள் வீடுகளில் சின்னத் தொகை இல்லை. அதனால்தான் எதில் செலவைக் குறைக்கலாம் என்று சொல்லித்தர வேண்டும், சிரிக்கக் கூடாது. அந்தப் பையனுக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் வேண்டாம், 203 மி.மீ. ரோட்டரும் வேண்டாம். ஷிமானோவின் எம்டி200 அல்லது டெக்ட்ரோவின் எம்275 போன்ற இரண்டு பிஸ்டன் அடிப்படை மாடல் போதும். நிறுத்தும்போது எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வருவதால் முன்னே 180 மி.மீ., பின்னே 160 மி.மீ. ரோட்டர் வைத்தால் தாராளம். ஃபிரேமும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் அந்த அளவை ஏற்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். மலிவு எம்டிபிகளில் முன்னே மாட்டிவிடுகிற கனமான ஸ்பிரிங் ஃபோர்க் நம் சாலைக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தைப் பிரேக்கில் போடு என்று நேற்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

"பழுதானால் யார் பார்ப்பார்கள்?" இதுவும் சரியான கவலைதான். தெருமுனைக் கடையில் பஞ்சர் ஒட்டுவார்கள், ஒயர் மாற்றுவார்கள், பிளீடிங் (பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி எண்ணெய் நிரப்புவது) செய்யமாட்டார்கள். ஆபத்து எதில் என்றால், மோட்டார் பைக் மெக்கானிக்கிடம் போனால் கையிலிருக்கும் டாட் எண்ணெயை, அதாவது மோட்டார் வாகன பிரேக் எண்ணெயை, ஊற்றிவிடுவார். ஷிமானோவுக்கும் டெக்ட்ரோவுக்கும் மினரல் ஆயில்தான். டாட் ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டு, பிரேக்கே வீணாகிவிடும். பிளீடிங்கும் அடிக்கடி செய்கிற வேலை இல்லை. சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தாமல் இருந்தால், பேடுகளுக்கு நடுவே ஒரு துண்டு அட்டையைச் செருகி வைத்தால், பாதித் தொல்லை வராது. ரத்தன் பஜாரில் விசாரித்தால் பேட் கிடைக்கும். பேட் புதிது மாட்டியதும், காலியான சாலையில் வேகமெடுத்து, நிற்காமல் மெதுவாகப் பிடித்து, இப்படி இருபது முறையாவது செய்ய வேண்டும். அப்போதுதான் முழுப் பிடிப்பு வரும். இதைச் செய்யாமலே "ஹைட்ராலிக் பிடிக்கவில்லை" என்று குறை சொல்கிறவர்கள்தான் அதிகம்.

நல்ல ஒயர் டிஸ்க் போதாதா என்கிறீர்கள். பெயர் தெரியாத மலிவு ஹைட்ராலிக்கைவிட நல்ல ஒயர் டிஸ்க் மேல்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று யாரும் அப்படிச் சொல்லவில்லையே? மலை எங்கே என்றல்லவா கேட்டீர்கள்.

"முன் பிரேக் அழுத்தினால் தலைகுப்புற விழுவாய்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"நம் அப்பாக்கள் ராட் பிரேக்கில் ஓட்டவில்லையா?" இரும்புக் கம்பித் தண்டு இழுக்கும் அந்தப் பழைய பிரேக்கில் ஓட்டினார்கள். என் அப்பாவும் அந்தச் சைக்கிளில்தான் துறைமுக வேலைக்குப் போய்வந்தார். மழையில் பிரேக் பிடிக்காமல் செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவார். செருப்பு தேய்ந்ததும் எனக்குத் தெரியும், கணுக்காலில் தோல் உரிந்ததும் தெரியும். வேறு வழியில்லாமல் அவர் பட்டதை எடுத்துவந்து, அவர் பேரப்பிள்ளைகளும் படட்டும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள். அப்பாவிடம் யாரும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. இந்தப் பையன் தானாகக் கேட்டான். கேட்டதற்குத்தான் நேற்று அந்தச் சிரிப்பு.

இன்னொருவர் புத்திசாலித்தனமாக எழுதியிருந்தார். எண்ணெய் பட்டால் டிஸ்க் பேட் கெட்டுவிடுமாம், ஆகவே எண்ணூர்ப் பக்கத்துக்கு அது சரிவராதாம். எண்ணெய் பட்டால் பேட் கெடும், உண்மைதான். எனக்கு நன்றாகவே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் வந்தது. சுவரில் கறுப்புக் கோடு, படகில் எண்ணெய், வலையில் எண்ணெய், என் சைக்கிளிலும் எண்ணெய். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீட்டேன். பேடுகள் ஊறிவிட்டன, தூக்கிப்போட்டேன். அந்த எண்ணெயை ஊற்றியது நாங்களா? எங்கள் ஆற்றில் எண்ணெய், எங்கள் காற்றில் சாம்பல், எங்கள் சாலையில் உங்கள் எல்லோருடைய சரக்கும். இத்தனைக்கும் இடமிருக்கிற ஊரில் ஒரு நல்ல பிரேக்குக்கு மட்டும் இடமில்லையா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஓட்டுகிறவர் விலை உயர்ந்த டிஸ்க் பிரேக் போட்டால் வாழ்த்துச் சொல்கிறீர்கள். அங்கே எந்த மலை இருக்கிறது? அவரிடம் ஏன் கேட்கவில்லை? எங்களைப் பார்த்தால் மட்டும் ஏன் அந்தக் கேள்வி வருகிறது?

நான் அதிகம் பேசுகிறேன், உணர்ச்சிவசப்படுகிறேன் என்று கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். தண்ணீர் தேங்கும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநாளில் சைக்கிளோடு இறங்கியவர் யாராவது எழுதினால் நின்று பதில் சொல்கிறேன்.

வரும் மாதம் என் தங்கை மகளுக்குச் சைக்கிள் வாங்குகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மாத்தூரிலிருந்து டியூஷனுக்கு மணலிச் சாலையில்தான் போய்வர வேண்டும். சின்னக் கை. லீவரை அவள் விரலுக்கு எட்டும்படி உள்ளே திருகி வைக்கச் சொல்வேன். மினரல் ஆயில் ஹைட்ராலிக், முன்னே 180, பின்னே 160, பிசினால் ஆன ரெசின் பேட். மழைக்காலத்தில் பேட் சீக்கிரம் தேயும், தெரியும், மாற்றிக்கொடுப்பேன். யாரிடமும் அனுமதி கேட்கப்போவதில்லை.